மாஃபி கபர்

சரியாக நாலு மணிக்கு அபூ தாரிக் போனை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்க மர டெக்குக்குப் போனார்.

அப்போது கான் யூனிஸில் இரவு பதினொன்று. அங்கே அவர் மகன் தாரிக்குக்கு நெட் கிடைத்தால் அந்த நேரத்தில்தான் கிடைக்கும். வீட்டுக்குள்ளேயே சிக்னல் நன்றாக இருந்தது. ஆனாலும் அவர் வெளியே போய்த்தான் நின்றார். நவம்பர் குளிருக்குக் கம்பளிக் குல்லாய், கையில் போன். மகன் பேசும்போது தகப்பன் சோபாவில் சாய்ந்திருக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

ரசியா பேகம் சமையலறைக் கண்ணாடிக் கதவு வழியாக அவர் முதுகைப் பார்த்தாள். பேசினால் தோள் அசையும். அசையவில்லை.

மருமகள் அமலுக்கு எட்டாம் மாதம். பிரசவம் பார்க்கத்தான் ரசியா நாகூரிலிருந்து அமெரிக்காவில் மான்மவுத் ஜங்ஷனுக்கு வந்திருந்தாள். அபூ தாரிக் அமலின் தகப்பனார். பாட்டர்ஸனில் மளிகைக் கடை வைத்திருந்தவர். மனைவி இறந்ததும் கடையை விற்றுவிட்டு மகள் வீட்டோடு வந்துவிட்டார்.

மகன் ஆதிஃப் பாலஸ்தீனப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறான் என்றதும் நாகூரில் தெருவே வந்து விசாரித்தது.

"அரபு சம்மந்தமா, ரசியா லாத்தா! எண்ணெக் கெணறு எத்தன?"

"ஆலிவ் மரந்தான் ஈந்துச்சாம். அதுவும் இப்ப இல்லையாம்" என்று ரசியா சொன்னாள்.

அபூ தாரிக் என்பது அவர் பெயரல்ல. தாரிக்கின் தகப்பன் என்று அர்த்தம். சொந்தப் பெயர் ஜமீல் என்று ஆதிஃப் சொன்னான். அந்தப் பெயரால் யாரும் அவரைக் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை. அவர் அவளை உம் ஆதிஃப் என்றார். ஆதிஃபின் தாய். அது அவளுக்குப் பிடித்துப்போனது. "ஒவ்வொரு தடவ கூப்புடறப்பவும் புள்ளைக்கு ஒரு துஆ கேட்ட மாதிரி ஈக்குது" என்று ஊருக்குப் போன் பேசும்போது சொன்னாள்.

இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. பொதுவான சொற்கள் இருந்தன. சலாம், துஆ, ஹயாத், மௌத்து, பைத்து. உப்புக்கும் புளிக்கும் ஒரு வார்த்தை இல்லை. தொழுவதற்கும் சாவதற்கும் வேண்டியதெல்லாம் இருந்தது.

அதை வைத்துக்கொண்டு சமாளித்தார்கள். வந்த புதிதில் வாசல் மணி அடித்தது. அவர் மாடியிலிருந்து "மீன்?" என்று கேட்டார். யார் என்று கேட்கிறார் என்பது அவளுக்குத் தெரியாது. "மீன் இல்ல நானா, இன்னைக்குக் கறிதான்" என்று அண்ணனுக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, ஆசைப்படுகிறாரே என்று மறுநாள் மீன் ஆணம் காய்ச்சினாள். அதற்கு மறுநாளும். அவர் மறுப்பு சொல்லாமல் சாப்பிட்டார்.

இன்னொரு நாள் தன் கணவர் பக்கீர் முகம்மதுவைப் பற்றி அவருக்குச் சொல்ல முயன்றாள். "ஆதிஃப் வாப்பா, சபர். பினாங்கு சபர். எப்பவும் சபர்." நாகூரில் சபர் என்றால் கப்பலேறிப் போவது. அவர் அதைப் பொறுமை என்று எடுத்துக்கொண்டார். கண்ணை மூடி, நெஞ்சில் கைவைத்து, "சபர். குட் மேன்" என்றார். சாயங்காலம் ஆதிஃப் வந்து விளக்கினான்.

"பொறுமையா? ஒங்க வாப்பாவுக்கா? ஆணம் ஆறுறதுக்குள்ள ஏப்பம் விட்டுப்புடுவாஹளே!"

ஆதிஃப் அதை இங்கிலீஷில் சொன்னான். அபூ தாரிக் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஸ்டாப், ஸ்டாப், பேபி உதைக்குது" என்றாள். அந்த வீட்டில் அத்தனை பேரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

தாரிக் பத்து வயதில் பாட்டர்ஸனுக்கு வந்தவன். இருபத்து நாலு வயதில் திரும்பிப் போனான். வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்றான். கடையின் லாபமெல்லாம் கான் யூனிஸில் மாடியாக ஏறியிருந்தது. கீழ்த்தளம் அபூ தாரிக்கின் தகப்பனார் கட்டியது. முதல் மாடி தாரிக்குக்கு. இரண்டாம் மாடி அபூ தாரிக் திரும்பிப் போய் இருப்பதற்கு. கைப்பிடி வைக்காத படிக்கட்டோடு அது நின்றுவிட்டது. அவர் போனில் அந்தப் படிக்கட்டின் படம் இருந்தது. ரசியாவிடம் காட்டியிருக்கிறார். அவளுக்கு அந்த வீடு புதிதாகத் தெரியவில்லை. நாகூரிலும் அப்படி வீடுகள் உண்டு. பினாங்கில் சம்பாதித்தவன் கட்டிய வீட்டில் எல்லாரும் இருப்பார்கள், அவன் இருக்க மாட்டான்.

சண்டை வந்ததும் தாரிக் பெண்டாட்டி பிள்ளைகளைக் கடற்கரைக் கூடாரத்தில் விட்டான். தான் மட்டும் அவ்வப்போது போய் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தான். அவன் கடைசியாக அனுப்பிய குரல்செய்தி சின்னது. நாளைக்குப் போய் வீட்டைப் பார்க்கிறேன், யாபா, படம் எடுத்து அனுப்புகிறேன் என்று சொல்கிறான் என அமல் விளக்கினாள். யாபா என்றால் வாப்பா. அபூ தாரிக் அதை டெக்கில் நின்று போட்டுப் போட்டுக் கேட்டார். ரசியாவுக்கு அதில் பைத் என்ற ஒரு சொல்தான் புரிந்தது. வீடு. ஆனால் ஏற்ற இறக்கம் மனப்பாடமாகிவிட்டது. பாத்திரம் கழுவும்போது அது அவள் வாய்க்குள் ஓடியது.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அவர் உறவினர்களை அழைத்தார். முன்பெல்லாம் எடுத்தவர்கள் இப்போது எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். போனில் மணி போய்க்கொண்டே இருந்தது. கார் வந்து நின்றது. அமல் பார்மஸி வேலை முடிந்து உள்ளே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஷூவைக் கழற்றினாள். அபூ தாரிக் டெக்கிலிருந்து வந்து ஒரே வார்த்தையில் என்னவோ கேட்டார்.

அமல் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"மா ஃபீ கபர், யாபா."

அவர் தலையாட்டிவிட்டு மாடிக்குப் போனார். அமல் நேரே பாத்ரூமுக்குள் போனாள். குழாய் ஓடியது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே அந்தக் குழாய் அப்படித்தான் நெடுநேரம் ஓடுகிறது.

ரசியாவின் கையில் அகப்பை நின்றது.

மாஃபி அவளுக்குத் தெரியும். சவூதிக்குப் போய்வந்த பிள்ளைகள் தெருவுக்குக் கொண்டுவந்த சொல். தண்ணி மாஃபி, கரண்டு மாஃபி, சம்பளம் மாஃபி. இல்லை என்று அர்த்தம். கபர் என்றால் கபர்தான். அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறடி மண். தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல்.

கபர் இல்லை.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பக்கீர் முகம்மது பினாங்கில்தான் மௌத்தானார். அந்தக் கபரை அவள் பார்த்ததில்லை. கடைப்பையன் அனுப்பிய போட்டோவில் ஈரமண்ணும் இரண்டு கல்லும் தெரிந்தன. அது ஒரு இடம். அங்கே ஒரு மரம்கூட இருந்தது. வெள்ளிக்கிழமை துஆ கேட்கும்போது மனசை அந்த மரத்தடியில் கொண்டுபோய் வைக்க முடிந்தது. மகனுக்கு ஒரு கபர்கூட இல்லாமல் இந்த மனிதர் எங்கே வைப்பார்?

மறுநாள் ஆதிஃப் அவளை ஐசலினுக்குக் கூட்டிப்போனான். குழந்தைக்குப் பருத்தித் துணி வாங்க வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

"அமல் சொன்னது காதுல வுழுந்துச்சு" என்றாள் காரில்.

"என்ன சொன்னா?"

"அவ வாப்பாட்ட. கபர் இல்லைன்னு."

ஆதிஃப் ரோட்டைப் பார்த்தான். "ம்" என்றான்.

"அவ்வளவுதானா?"

"உம்மா, ப்ளீஸ். அமல் முன்னாடி அத பத்தி எதுவும் கேக்காதீங்க. பிபி ஹையா இருக்கு. ஸ்ட்ரெஸ் கூடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. டெலிவரி முடியட்டும்."

"நான் ஏன்ப்பா அவ முன்னாடி கேக்கப்போறேன்?"

ஓக் ட்ரீ ரோடு திருப்பம் வந்தது. அவன் நேரே போய்விட்டான். வாரம் தவறாமல் வருகிற ரோடு. கொஞ்சதூரம் போய்த்தான் சுற்றித் திரும்பினான்.

கடையில் துணி எடுத்தாள். வாழைப்பழம் எடுத்தாள். ஊதுபத்தி ஒரு பாக்கெட் எடுத்தபோது, "உம்மா, ஸ்மோக் அலாரம்" என்றான் ஆதிஃப். போன மாதம் ஊதுபத்தி கொளுத்தி வீடே அலறியது. "வெளிய கொளுத்துறேன்" என்றாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் அபூ தாரிக் ரொட்டியைப் பிட்டு முதல் துண்டை அவள் தட்டில் வைத்தார். எப்போதும் செய்வதுதான். ஒரு மௌத்து நடந்துபோயிருக்கிறது. அதே வீட்டில், எதிரெதிரே உட்கார்ந்து, துக்கம் விசாரிக்காமல் அவள் சாப்பிடுகிறாள். தெருக்கோடியில் பேச்சுவார்த்தை இல்லாத வீடாயிருந்தாலும் மௌத்து என்றால் போய் நிற்கிறவள். விசாரிக்காதவன் மனுஷனே இல்லை என்று தன் வாயாலேயே எத்தனையோ பேரைச் சொன்னவள்.

தண்ணீர் வேண்டுமா என்று அவரிடம் கேட்க வேண்டியிருந்தது. அபூ தாரிக் என்று கூப்பிட நாக்கு எழவில்லை. தம்ளரைத் தள்ளிவைத்தாள்.

அவர் அழவில்லை. இதுதான் சபுர், இதுதான் பொறுமை என்று நினைத்தாள். பக்கீர் முகம்மதுவைப் போய்ப் பொறுமைசாலி என்று நினைத்தாரே இந்த மனிதர்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு அமலுக்குச் செக்கப். ஆதிஃப் கூட்டிப்போனான். கராஜ் கதவு இறங்கியதும் ரசியா நெய்ச்சோறு ஆக்கினாள். ஒரு தட்டில் சீனி, ஒரு தட்டில் பழம். பெட்டியின் அடியிலிருந்து வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். எல்லாவற்றையும் டெக்கில் இருந்த மேஜையில் வைத்து, புதினாத் தொட்டியின் மண்ணில் ஊதுபத்தியைக் குத்தி, பாத்திஹா ஓத உட்கார்ந்தாள். ஆலிம் இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் இல்லை. ஒருத்தி ஓதினாலும் போய்ச் சேரும்.

நாலு மணிக்குக் கண்ணாடிக் கதவு திறந்தது.

அபூ தாரிக் போனோடு நின்றார். துப்பட்டியைப் பார்த்தார். புகையைப் பார்த்தார். அவள் எழுந்தாள். மௌத்துக்குச் சொல்ல வேண்டிய அந்த வாசகத்தைச் சொன்னாள். ஓதிப் பழகியது என்பதால் ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக வந்தது.

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டார். நாலு மணிக்கு அந்தக் கை காலியாக இருந்து அவள் பார்த்ததில்லை. அவரும் அதையே திருப்பிச் சொன்னார். பிறகு நெஞ்சில் கைவைத்து அரபியில் நீளமாக ஏதோ சொன்னார். குரல் இளகியிருந்தது. அல்லாஹ், ரஹ்மத், சபர் என்ற சொற்களை அவள் பிடித்துக்கொண்டாள். அழட்டும் என்று நினைத்தாள். அழுதால் நல்லது.

அவர் அழவில்லை. அவள் முழங்கையைத் தொடாமல், தொடுகிற தூரத்தில் கையை வைத்து உள்ளே அழைத்துப்போனார். நாற்காலியை இழுத்துப் போட்டார். அடுப்பில் சின்னப் பித்தளைக் கிண்ணத்தை வைத்துக் காப்பி போட்டார். ஒரு சிறு கோப்பையில் ஊற்றி அவள் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

ரசியா ஒரு வாய் குடித்தாள். வேப்பெண்ணெய் மாதிரி இருந்தது. பாவம், சீனி போட மறந்துவிட்டார், எப்படி ஞாபகம் இருக்கும் என்று முழுவதையும் குடித்தாள்.

அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"மீன்?"

யார். அந்தச் சொல் இப்போது அவளுக்குத் தெரியும். யார் சொன்னது என்று கேட்கிறார். மறைத்து வைத்திருந்தது எப்படித் தெரிந்தது என்று கேட்கிறார்.

"அமல்" என்றாள்.

நாற்காலி பின்னால் விழுந்தது. அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"அமல்? ஹாஸ்பிடல்? அமல்?"

"லா! லா, நானா! அமல் நல்லா ஈக்குறா. தய்யிப், தய்யிப்!" அவள் இரண்டு கையையும் ஆட்டினாள். பிறகு விரல்களை வாயருகே குவித்துத் திறந்து மூடிக் காட்டினாள். "அமல் சொன்னா. டாக். அமல் டாக். தாரிக்." பெயரைச் சொல்லிவிட்டாள். "தாரிக், மாஃபி கபர்."

அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"மா ஃபீ கபர்" என்றார். "யெஸ். எவ்ரி டே அமல் ஸே. நோ நியூஸ்." குனிந்து நாற்காலியை நிமிர்த்தினார். "நோ நியூஸ், உம் ஆதிஃப். நோ நியூஸ்."

நியூஸ் அவளுக்குத் தெரியும். ஆதிஃப் டிவியில் வைப்பது. அவள் அவரைப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினாள். கையால் மேஜைமேல் நீளமாக ஒரு மேடு வரைந்தாள். தலைமாட்டில் ஒரு கல் நட்டாள். கால்மாட்டில் ஒரு கல் நட்டாள்.

"கபர்" என்றாள்.

அவர் அந்த இடத்தையே பார்த்தார். மேஜையில் அங்கே ஒன்றும் இல்லை. பிறகு கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருந்த சோற்றைப் பார்த்தார். பழத்தை, புகையை, அவள் போர்த்தியிருந்த துப்பட்டியை, கழுவவேண்டிய காப்பிக் கோப்பையைப் பார்த்தார்.

சிரிப்பு அவருக்கு வயிற்றிலிருந்து வந்தது. முதலில் இருமல் என்றுதான் நினைத்தாள். அவர் மேஜையைத் தட்டினார். குல்லாயைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். மறுபடி சிரித்தார். "யூ," என்று அவளைக் காட்டி, "யூ கம் ஃபார் மீ," தன்னைக் காட்டி, "ஐ கம் ஃபார் யூ!" நாகூரில் அவளுடைய யாரோ இறந்துவிட்டதாக நினைத்து அவர் அவளுக்குத் துக்கம் விசாரித்திருக்கிறார். காப்பியைக் காட்டினார். "டெத். நோ ஷுகர்." அவர்கள் ஊரில் மௌத்து வீட்டுக் காப்பிக்குச் சீனி போடுவதில்லையாம்.

"அல்லாஹ்வே! தவ்பா, தவ்பா" என்று ரசியா இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். "உசுரோட ஈக்குற புள்ளைக்கு பாத்திஹா ஓதிப்புட்டேனே! மாப்பு பண்ணுங்க நானா, மாப்பு."

அவர் அவளுக்குப் பாடம் நடத்தினார். போனை எடுத்துக் காட்டி, தொண்டையைச் சுரண்டி, "கபர்" என்றார். சேதி. பிறகு அவள் வரைந்த மேட்டைத் தானும் வரைந்து, "கபர்" என்றார். அவர் ஊர்க்காரர்கள் அந்த முதல் எழுத்தைத் தங்கத்தில் வருகிற க போல அழுத்திச் சொல்கிறார்கள். ஓதும்போது இரண்டும் வேறு எழுத்து என்று ரசியாவுக்கும் தெரியும். பேச்சில் தமிழ் இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டது.

"கபர்" என்றாள்.

"நோ, நோ. கபர்."

"அதத்தானே நானும் சொல்றேன், கபர்."

அவர் மறுபடியும் மேஜையைத் தட்டினார்.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. பக்கீர் முகம்மது பினாங்கிலிருந்து வந்தால் பெட்டியை வைக்குமுன் வாசலில் நின்று, "அப்பா கபார்?" என்று கேட்பார். மலாய்க்காரர்கள் நலம் விசாரிப்பது அப்படித்தான். வருஷா வருஷம் அவள் சண்டை பிடித்தாள். "வூட்டு வாசல்ல நிண்டுக்கிட்டு கபர கேக்குறீங்களே, நல்லாவா ஈக்குது?" அவர் சிரிப்பார். "சேதிதான்டி கேக்குறேன், பைத்தியம். என்ன சேதின்னு கேக்குறேன்." அப்படிக் கேட்க ஆளில்லாமல் போனபின் அந்தச் சொல்லையும் மறந்துபோனாள்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்ச் சோற்றை உள்ளே எடுத்துவந்தாள். ஊதுபத்தியை மண்ணில் அமுக்கி அணைத்தாள். ஆக்கியது ஆக்கியாயிற்று. இரண்டு தட்டில் போட்டாள். அவர் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். அவ்வளவு சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை. பழத்தை உரித்துச் சீனியில் தொட்டுத் தின்றார். பின்பு புதிதாகக் காப்பி போட்டு, அவள் பார்க்கும்படியாக ஒரு கரண்டி சீனி போட்டார். அவள் முகத்தைப் பார்த்து இன்னொன்று போட்டார்.

"லைஃப்" என்றார். "ஷுகர்."

"ஹயாத்து" என்றாள் அவள். "தாரிக்குக்கு ஹயாத்து நீளமா ஈக்கட்டும், அபூ தாரிக்."

பெயர் தடையில்லாமல் வந்தது.

கராஜ் கதவு ஏறும் சத்தம் கேட்டது. அபூ தாரிக் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். ஆதிஃப் முதலில் வந்தான், கையில் அமலின் கோட்டு. அமல் பின்னால் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு ஷூவைக் கழற்றினாள். அதற்குள் அவர் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அரபியில் வேகமாக, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். கபர், கபர் என்று இரண்டு விதமாகவும் சொன்னார். காப்பிக் கோப்பையைக் காட்டி கஹ்வா என்றார். தாரிக் என்றார். உம் ஆதிஃப் துப்பட்டியை எப்படிப் போர்த்தியிருந்தாள் என்று குல்லாயை இழுத்துவிட்டுக் காட்டினார். நாற்காலி விழுந்ததைக் காட்டினார். ரசியா வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். திட்டு வாங்கக் காத்திருந்தாள்.

இன்னொரு ஷூ அமலின் காலிலேயே இருந்தது.

ஆதிஃபுக்கு அரபி தட்டுத்தடுமாறித்தான் வரும். மாமனார் எதையாவது சொல்லிச் சிரித்தால், "வாட், வாட்?" என்று அமலைப் பிடுங்குவான். இப்போது கேட்கவில்லை. மேஜைமேல் இருந்த நெய்ச்சோற்றையும் பழத்தோலையும் பார்த்தான். அவள் தோளில் கிடந்த வெள்ளைத் துப்பட்டியைப் பார்த்தான்.

"உம்மா," என்றான் மெல்ல. "என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"தெரியாம பண்ணிப்புட்டேன்ப்பா. கபருன்னா சேதின்னு எனக்கு என்ன தெரியும்? நான் நெனச்சது..."

அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். ஓக் ட்ரீ ரோட்டுத் திருப்பத்தைத் தவறவிட்டபோது இருந்த அதே முகம்.

"யாபா" என்றாள் அமல். ஒரு கை சுவரில் இருந்தது. இன்னொரு கையை வயிற்றின்மேல் வைத்திருந்தாள். சுவரிலிருந்த கை மெதுவாக இறங்கியது. அவளும் அதோடு இறங்கிப் படியில் உட்கார்ந்தாள். ஆதிஃப் கோட்டோடு அவளருகே குனிந்தான்.

அபூ தாரிக்கின் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. எடுத்துவிட யாரும் இல்லாததால் இருந்தது. அவர் சீனிக் கரண்டியை மேஜையில் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார். மகளைக் கேட்கவில்லை. மருமகனைக் கேட்கவில்லை. இத்தனை நாள் தன்னிடம் பொய் சொல்லாத ஆள் அந்த வீட்டில் ஒருத்திதான் என்பதுபோல ரசியாவின் பக்கம் திரும்பினார்.

தொண்டையைச் சுரண்டவில்லை. தங்கத்தின் க போல அழுத்தவும் இல்லை. அவள் சொல்கிற மாதிரியே சொன்னார்.

"உம் ஆதிஃப், மாஃபி கபர்?"